சாவி சேலையூரில் இருக்கிறது

எங்கள் தெருவில் யார் ஊருக்குப் போனாலும் வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம்தான் கொடுத்துவிட்டுப் போவார்கள். திருப்பதி போய் மறுநாள் திரும்புகிறவர்களும் சரி, மகன் வீட்டில் ஆறு மாதம் தங்கப் போகிறவர்களும் சரி. என் வாசலைத் தாண்டித்தான் அவள் கேட்டுக்குப் போக வேண்டும். தாண்டிப் போவார்கள். போகிற போக்கில், "என்ன ஆன்ட்டி, காபி ஆச்சா?" என்று என்னிடம் ஒரு கேள்வி. சாவி மட்டும் அந்தப் பக்கம் போய்விடும்.

எனக்கு வயிறு எரியும். ஒளித்துச் சொல்ல என்ன இருக்கிறது? ஓய்வு பெறும்வரை நான் இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்த்தவள். ஊரார் உயிருக்கே என் கையெழுத்தில் உறுதி கொடுத்திருக்கிறேன். சேலையூரில் ஒரு வீட்டுச் சாவிக்கு நான் லாயக்கில்லையா?

எனக்கு வாய் நிற்காது என்று தெருவுக்கு அபிப்பிராயம். "ஆன்ட்டிகிட்ட சாவி கொடுத்தா, பீரோவுல எத்தனை பட்டுப்புடவை இருக்குன்னு காய்கறி வண்டிக்காரர் வரைக்கும் தெரிஞ்சிடும்" என்று மூன்றாம் வீட்டுக்காரர் சொன்னதாக என் கணவரே வந்து சிரித்துக்கொண்டு சொன்னார். அது அபாண்டம். அப்படி ஒரே ஒரு தடவைதான் நடந்தது.

அக்காவின் சாப்பாட்டு அறையில் கதவுக்குப் பின்னால் ஒரு மரப்பலகை. அதில் வரிசையாக ஆணிகள், ஒவ்வொரு ஆணியிலும் ஒரு சாவி, ஒவ்வொரு சாவியிலும் ஒரு நிறத்தில் உல்லன் நூல். எந்த நிறம் யார் வீடு என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். குரோம்பேட்டையில் ஒரு பெண்கள் ஹாஸ்டலில் வார்டனாக இருந்த பழக்கம். ஃபிரிட்ஜைப் பூட்டுவாள். காஸ் சிலிண்டர் வைத்திருக்கும் கூண்டைப் பூட்டுவாள். மொட்டைமாடித் தண்ணீர் டேங்க் மூடிக்குக் கூட ஒரு பூட்டு. "எவன் வந்து டேங்கைத் திருடப் போறான்க்கா?" என்று கேட்டேன். "பூட்டு திருடனுக்கு இல்லம்மா. நம்மளை மாதிரி நல்லவங்களுக்குத்தான்" என்றாள். இது அவள் அடிக்கடி சொல்லும் வார்த்தை. அப்போது எனக்கு எரிச்சல்தான் வந்தது.

அந்தப் பலகையில் பச்சை நூல் கட்டித் தொங்கியது எங்கள் வீட்டுச் சாவி. என் கணவர் கொண்டுபோய்க் கொடுத்தது. எங்கள் மகன் பெங்களூருக்கு வேலைக்குப் போனபோது தன் பைக் சாவியையும் அங்கேதான் மாட்டிவிட்டுப் போனான். பெற்றவள் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கிறேன்.

ஒருநாள் மார்க்கெட் போய்விட்டு வருகிறேன், கைப்பையில் சாவி இல்லை. உச்சி வெயில். அக்காவிடம் போய், "எங்க சாவிய கொடுங்கக்கா" என்றேன். அவள் பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"உங்க சாருக்கு ஒரு போன் பண்ணிக்கிறேன், இரு."

"எதுக்கு?"

"அவருதானே கொடுத்தாரு. கொடுத்தவங்க கையிலதான் திருப்பிக் கொடுக்கிறது என் பழக்கம்."

"அக்கா, அது என் வீடு."

"உன் வீடு இல்லன்னு யாரு சொன்னா? சாவி அவரு கொடுத்ததுன்னு சொல்றேன்."

போன் செய்து, அவர் சரியென்று சொன்ன பிறகுதான் பச்சை நூல் என் கைக்கு வந்தது. நடுவில் ஒரு டம்ளர் மோரும் கொடுத்தாள். அந்த மோரில் உப்பு போதவில்லை என்று தெரு முழுக்கச் சொன்னேன்.

அவளுக்கு ஒரே மகள். கல்யாணம் முடிந்து அமெரிக்காவில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை வீடியோ கால் வரும். ஒரு மணி நேரம் பேசுவார்கள், சண்டை போடுவார்கள், சிரிப்பார்கள். ஜன்னல் வழியாக எல்லாம் கேட்கும். என் மகன் பெங்களூரிலிருந்து, "அம்மா, மீட்டிங்ல இருக்கேன்" என்று வாட்ஸாப்பில் எழுதுவான். ஞாயிற்றுக்கிழமை என்ன மீட்டிங் என்று கேட்கக்கூட எனக்கு ஆள் கிடையாது. கொடுத்து வைத்தவள் என்று அக்காவை நினைத்துக்கொள்வேன். அவள் சண்டை போடுவதைப் பார்த்தாலும் எனக்குக் காதில் புகை வரும்.

ஒரு மே மாதம் மகளும் மாப்பிள்ளையும் குழந்தையோடு வந்தார்கள். பெண் குழந்தை, நாலு வயது, சுருட்டை முடி. வந்த முதல் நாளே பாட்டியின் சாவிப் பலகைக்குக் கீழே நாற்காலி போட்டு ஏறி நின்றுகொண்டது. சாவிகளைத் தொட விடமாட்டாள் அக்கா. பழைய செத்த சாவிகள் ஒரு கொத்து கொடுத்தாள். குழந்தை அதை எடுத்துக்கொண்டு வீட்டில் பூட்டு கண்ட இடமெல்லாம் போட்டுத் திருகிக்கொண்டிருந்தது.

ஒரு சாயங்காலம் நானும் அங்கே இருந்தேன். பஜ்ஜி போட்டிருந்தாள். திடீரென்று கரண்ட் போயிற்று. மே மாதம் தாம்பரம் பக்கம் கரண்ட் போவதில் என்ன அதிசயம்? விசிறியைத் தேடிக்கொண்டிருந்தோம். குழந்தையைக் காணோம். மகள் போன் வெளிச்சத்தில் தேடினால், சாப்பாட்டு மேஜைக்குக் கீழே, சுவரோடு ஒட்டி, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. உதட்டில் விரல். எங்களையும் கீழே வரச் சொல்லிக் கையைக் காட்டுகிறது. நான் சிரித்தேன்.

"இருட்டுன்னா பயமா கண்ணு?" என்று அக்கா கேட்டாள்.

குழந்தை மிகவும் மெதுவாகச் சொன்னது. "மிஸ் லைட் ஆஃப் பண்ணா பேசக் கூடாது பாட்டி. கெட்ட ஆளு கதவுகிட்ட இருப்பான்."

மகள்தான் விளக்கினாள். யாராவது துப்பாக்கியோடு பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்துவிட்டால் என்ன செய்வது என்று அங்கே குழந்தைகளுக்குப் பழக்குகிறார்கள். விளக்கை அணைத்து, கதவைப் பூட்டி, மேஜைக்கு அடியில் சத்தமில்லாமல் உட்கார வேண்டும். மாதம் ஒருமுறை அந்தப் பயிற்சி. சொல்லிவிட்டு, "அது சும்மா ப்ராக்டிஸ்தாம்மா" என்றாள். கரண்ட் வந்தது. பஜ்ஜியை யாரும் தொடவில்லை. எனக்குக் கூட அன்றைக்குப் பொறாமை வரவில்லை.

மாப்பிள்ளை அன்றைக்குத்தான் விஷயத்தை உடைத்தார். ஊர் திரும்பியதும் துப்பாக்கி வாங்கப் போகிறாராம். அக்கா அவரையே பார்த்தாள்.

"அந்தக் குழந்தை மேஜைக்கு அடியில உக்காந்ததைப் பாத்த பிறகுமா மாப்பிள்ளை?"

"பாத்ததாலதான் அத்தை. எங்க வீடு ஊருக்கு வெளிய. போலீஸ் வர அரை மணி நேரம் ஆகும். போன வருஷம் ரெண்டு வீடு தள்ளி திருடனுங்க புகுந்துட்டானுங்க. கார் நிறுத்துற இடத்துல ஒருத்தன் எங்களைப் பாத்து, உங்க ஊருக்குப் போங்கன்னு கத்தினான். நான் என்ன கையைக் கட்டிட்டு நிக்கணுமா?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நான் உடனே மாப்பிள்ளை பக்கம் சேர்ந்துகொண்டேன். நியாயத்துக்காக மட்டும் இல்லை. அக்கா ஒரு பக்கம் என்றால் நான் மறுபக்கம். அது வழக்கம்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் இதே பேச்சுத்தான். ஊர் போனதும் மாப்பிள்ளை வாங்கிவிட்டார். அக்கா ஜன்னலோரம் நாற்காலி போட்டு வாதாடுவாள், நான் காம்பவுண்டு சுவர் ஓரம் நின்று கேட்பேன். சில நாள் அவளே, "வந்து உள்ள உக்காந்து கேளேன், கால் வலிக்கும்" என்பாள்.

மாப்பிள்ளை சொல்வார்: "அத்தை, இது என் உரிமை. எங்க அரசியல் சட்டத்துலயே எழுதி வச்சிருக்கு. அரசாங்கம் கூட பிடுங்க முடியாது."

'எங்க' என்று அவர் சொன்னதை நான் கவனித்தேன். அந்த ஊர்க் குடியுரிமை அப்போதுதான் வந்திருந்தது.

"ஓட்டு போடறதும்தான் உரிமை. அதுக்காக ஓட்டு மெஷினைத் தூக்கிட்டு வந்து பெட்ரூம்லயா வச்சுக்கிறோம்?" என்பாள் அக்கா.

எங்கள் ஊர் நகைக்கடை வாசலில் ஒரு காவல்காரர், முன்னாள் ராணுவம், ரெட்டைக்குழல் துப்பாக்கியோடு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். ஒரு தேர்தல் சமயம் நாங்கள் இருவரும் போனபோது கையில் வெறும் தடி இருந்தது. அக்காவுக்கு விசாரிக்காமல் இருக்க முடியுமா?

"எலெக்சன் முடியற வரிக்கும் போலீஸ் டேசன்ல குடுத்து வச்சிகீறேம்மா" என்றார் அவர். "லைசன்ஸ் வச்சிகீறவங்க எல்லாரும் குடுக்கணும். ரசீது குடுத்துகீறாங்க. முடிஞ்சதும் நானே போயி வாங்கிக்குவேன்."

அக்காவுக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். ஊருக்குப் போகிறவர்கள் சாவி கொடுத்துவிட்டுப் போவதுபோலத் துப்பாக்கிக்கும் ஒரு வழக்கம் இருக்கிறதென்று அந்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையிடம் பெருமையாகச் சொன்னாள்.

"அதுதான் வித்தியாசம் அத்தை" என்றார் அவர். "அங்க அரசாங்கம் தயவு பண்ணிக் கொடுக்கிறது. கேட்டா திருப்பிக் கொடுக்கணும். இங்க அது என்னோடது. யாரும் கேக்க முடியாது."

"சரி, பூட்டியாவது வைங்க."

"பூட்டி வச்சா அவசரத்துக்கு எப்படி எடுக்கிறது? சாவி தேடறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும்."

"அவசரத்துல எடுக்கக் கூடாதுன்னுதான் மாப்பிள்ளை பூட்டே."

அப்போதுதான் அவள் ஹாஸ்டல் கதையைச் சொன்னாள். எனக்கே அதுவரை தெரியாது. பரீட்சை முடிவு வந்த அன்று சாயங்காலம் ஒரு பெண் வந்து மொட்டைமாடிச் சாவி கேட்டாளாம். துணி எடுக்க வேண்டும் என்று சொன்னாளாம். கொடியில் துணியே கிடையாது என்று அக்காவுக்குத் தெரியும். கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. சாவி தொலைந்துவிட்டது, காலையில் ஆள் வந்து பூட்டை உடைப்பான் என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணின் அறை வாசலிலேயே பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டாளாம்.

"கோபமோ அழுகையோ பயமோ, ஒரு ராத்திரிதான் மாப்பிள்ளை அதுக்கு ஆயுசு. சாவி கையில கிடைக்காம இருந்தா போதும். காலையில எழுந்து காபி கேக்கும். அவ கேட்டா. டபுள் ஸ்ட்ராங்கா கேட்டா."

மாப்பிள்ளை நெட் சரியில்லை என்று வைத்துவிட்டார்.

அடுத்த வருடம் அக்கா அமெரிக்கா கிளம்பினாள். கிளம்புவதற்கு முன்னால் பம்மலில் ஒரு பட்டறைக்கு என்னையும் ஷேர் ஆட்டோவில் இழுத்துக்கொண்டு போனாள். கையில் துணிப்பை. பட்டறைக்காரரிடம் பையைப் பிரித்து, தீபாவளிக்கு ரோல் கேப் வைத்துச் சுடும் பொம்மைத் துப்பாக்கியை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"இதை விட ஒரு விரக்கடை பெருசா இருக்கும். அது உள்ள போற மாதிரி கெட்டித் தகட்டுல ஒரு பெட்டி வேணும். பூட்டு உள்ளயே இருக்கணும். ஒரே சாவி போதும், ரெண்டாவது வேணாம்."

"இன்னாமா, சினிமா கம்பெனியா?" என்றார் அவர்.

"இல்லப்பா. மாப்பிள்ளைக்கு" என்றாள்.

அந்தப் பெட்டி என்ன கனம் தெரியுமா? அதற்காக ஊறுகாய், முறுக்கு எல்லாவற்றையும் சூட்கேஸிலிருந்து எடுத்து எனக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். முறுக்கு நன்றாகத்தான் இருந்தது.

அங்கே நடந்ததை அவள் திரும்பி வந்து சொன்னாள். துப்பாக்கி அலமாரியின் மேல்தட்டில், ஸ்வெட்டர்களுக்கு அடியில் இருந்ததாம். குழந்தைக்கு அது தெரியவே தெரியாது என்று மாப்பிள்ளை சத்தியம் செய்தாராம். அக்காவுக்கு அந்த இடத்தைக் காட்டிக் கொடுத்ததே குழந்தைதான். "பாட்டி, டாடியோடது. தொடக்கூடாது" என்று விரலை ஆட்டிச் சொன்னதாம். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு.

விமானம் ஏறுவதற்கு முந்தைய நாள், மாப்பிள்ளை ஆபீஸ் போயிருந்தபோது, மகளைக் கூப்பிட்டாள். துப்பாக்கியைக் கையாள மகளுக்கும் அவர் பழக்கிவிட்டிருந்தார். மகள் குண்டுகளைக் கழற்றி எடுத்து, துப்பாக்கியைப் பெட்டிக்குள் வைத்தாள். பூட்டியது அக்கா. சாவியை ரவிக்கையில் ஊக்கு போட்டுக் குத்திக்கொண்டு சேலையூர் வந்து சேர்ந்துவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் சுவர் ஓரம் நிற்கவில்லை, உள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டேன். மாப்பிள்ளையின் முகம் போன் முழுக்கச் சிவந்திருந்தது.

"சாவி எங்க அத்தை?"

"சேலையூர்ல இருக்கு."

"இது என் உரிமையில கை வைக்கிற மாதிரி."

"உங்க உரிமை உங்ககிட்டயே இருக்கட்டும் மாப்பிள்ளை. சாவி என்கிட்ட இருக்கட்டும்."

"பெட்டிய உடைக்க எனக்கு அஞ்சு நிமிஷம் ஆகாது."

"தெரியும். உடைங்க."

"உடைக்க மாட்டேன். பூட்டினவங்கதான் திறக்கணும்."

ரோஷக்காரர். கடைக்குப் போய் இன்னொன்று வாங்கிவிடலாமே என்று என் கணவர் கேட்டார். வாங்கலாம். ஆனால் இன்னொன்று வீட்டுக்குள் வந்தால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சேலையூருக்கு வந்துவிடுவேன் என்று மகள் சொல்லியிருந்தாள். ஆகவே பெட்டி அங்கே கட்டிலுக்கு அடியில், சாவி இங்கே பலகையில், சிவப்பு நூல் கட்டி. மருமகன்களிடம் சொல்லுக்குச் சொல் பேசி ஜெயிக்கிற மாமியார்கள் உண்டு. இவள் ஒரு சாவியை வைத்துக் கடல் தாண்டி அடக்குகிறாளே என்று எனக்கு ஆற்றாமை. எனக்கும் ஒரு மருமகள் வருவாள், அவளிடம் நான் எதைப் பூட்டப் போகிறேன்?

மகள் இரண்டாவது முறை கர்ப்பமானாள். பிரசவத்துக்கு அக்கா போக வேண்டும். மாப்பிள்ளை ஒரே வார்த்தை சொன்னார். "சாவியோட வாங்க. டிக்கெட் போடறேன்." அக்கா சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கடைசியில் மகள் அழுது, டிக்கெட் வந்தது.

கிளம்புவதற்கு முன் தினம் விளக்கு வைக்கும் நேரம். அக்கா என் வீட்டுக்கு வந்தாள். தெருக்காரர்களின் சாவிகளையெல்லாம் அவரவர் வீட்டில் கொடுத்து முடித்திருந்தாள். தன் வீட்டுச் சாவியை மூன்றாம் வீட்டுக்காரரிடம் கொடுத்திருந்தாள், அதையும் நான் ஜன்னல் வழியாகப் பார்த்து முடித்திருந்தேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் கதவைத் திறந்தேன். அவள் என் உள்ளங்கையில் சிவப்பு நூல் சாவியை வைத்து மூடினாள்.

"இதை நீ வச்சுக்கோ."

"என்கிட்டயா? தெருவுல அவ்வளவு பேரு இருக்காங்களே, உங்களுக்கு வேண்டியவங்க."

"அவங்கள்லாம் நல்லவங்க. மாப்பிள்ளை போன் பண்ணி ரெண்டு வார்த்தை உருக்கமா பேசினா எடுத்து அனுப்பிடுவாங்க. நீ அப்படி இல்ல. உனக்கு என்மேல எவ்வளவு பொறாமைன்னு எனக்குத் தெரியாதா? என்கிட்ட இருந்த பொருள் உன் கைக்கு வந்தா நீ உயிர் போனாலும் விட மாட்டே."

எனக்கு வாயடைத்துப் போயிற்று. எனக்கே.

"யார் கேட்டாலும் கொடுக்காதே" என்றாள்.

"யார் கேட்டாலுமா?"

"யார் கேட்டாலும்."

அவள் போய் இறங்கிய வாரத்திலேயே மாப்பிள்ளை எனக்குப் போன் செய்தார். "ஆன்ட்டி, நீங்க எப்பவும் என் பக்கம்தானே."

"உங்க பக்கம்தான் தம்பி. இப்பவும் உங்க பக்கம்தான்."

"அப்ப அந்தச் சாவிய கூரியர்ல போடுங்களேன். பெட்டிக்குள்ள இருக்கிறது என்னோடது."

"பெட்டி அக்காவோடது. சாவி அக்கா கொடுத்தது."

அவர் சிரித்துவிட்டு வைத்துவிட்டார். எனக்குப் பெருமை பொங்கியது. இந்தத் தெருவில் என்னிடம் ஒரு சாவி கேட்டு அமெரிக்காவிலிருந்து போன் வருகிறது.

ஆண் குழந்தை பிறந்தது. இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் காலை, நான் காபி ஆற்றிக்கொண்டிருக்கும்போது அக்காவின் போன். எனக்குக் காலை என்றால் அவளுக்கு ராத்திரி. குரலே மாறியிருந்தது.

மாப்பிள்ளை வேலை விஷயமாக வெளியூர் போயிருக்கிறாராம். வீட்டில் இவள், மகள், இரண்டு குழந்தைகள். யாரோ இரண்டு பேர் வந்து வாசல் கதவை உடைப்பதுபோல் தட்டியிருக்கிறார்கள். கத்தியிருக்கிறார்கள். பெரிய குழந்தை போய் விளக்கை அணைத்துவிட்டு, பாட்டியையும் அம்மாவையும் மேஜைக்கு அடியில் இழுத்திருக்கிறது. எல்லோரும் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள், கைக்குழந்தையின் வாயில் பால் பாட்டிலை வைத்து அழவிடாமல். போலீஸ் வர அரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்றாம். வந்தவர்கள் அதற்குள் போய்விட்டார்கள். வீடு மாறி வந்த குடிகாரர்களோ என்னவோ.

"அந்தச் சாவிய அனுப்பிடு" என்றாள் அக்கா.

எனக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை.

"அவரு சொன்னது சரிதான். நாங்க நாலு பேரு கோழிக்குஞ்சு மாதிரி உக்காந்திருந்தோம். கையில ஒண்ணும் இல்ல. அவரு ஊர்ல இல்லாதப்போ என் பொண்ணு கைக்கு எட்டுற மாதிரி இருக்கட்டும். இன்னிக்கே கூரியர்ல போடு."

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். அக்கா சறுக்கி நான் பார்த்ததே இல்லை. எத்தனை வருஷமாக அதற்காகக் காத்திருந்தேன். ஆனால் சந்தோஷமாக இல்லை. பீரோவைத் திறந்து சாவியைக் கையில் எடுத்தேன். கொடுத்துவிட்டால் நான் மறுபடி சாவி இல்லாதவள் என்பதுதான் முதலில் தோன்றியது. இரண்டாவதாகத்தான் மற்றதெல்லாம் தோன்றியது.

"கொடுக்க மாட்டேன்கா."

"என்னது?"

"யார் கேட்டாலும் கொடுக்காதேன்னீங்க."

"நான் கேக்கறேன்டி."

"கொடுத்தவங்க கையிலதான் திருப்பிக் கொடுப்பேன். கூரியர்காரன் கையில இல்ல. வேணும்னா நீங்க சேலையூர் வந்து வாங்கிக்கோங்க."

"விளையாடாதே. நீ இங்க இல்ல. உனக்கு அந்தப் பயம் தெரியாது."

"தெரியாதுதான். ஒரு ராத்திரிதான் அதுக்கு ஆயுசுன்னு நீங்கதான் சொன்னீங்க. தூங்கி எழுந்து காபி குடிச்சிட்டுப் பேசுங்க."

அவள் என்னை ஒரு வார்த்தை சொன்னாள். அதை எழுத மாட்டேன். இத்தனை வருஷத்தில் அவள் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்து நான் கேட்டதில்லை. போன் துண்டாயிற்று.

அன்றைக்குச் சாதம் அடிப்பிடித்தது. என் கணவர், "நீ பண்றது சரியில்ல. அங்க ஏதாவது ஆச்சுன்னா அந்தப் பாவம் யாருக்கு?" என்றார். எனக்கும் அதே பயம்தான். பொறாமையில் செய்கிறேனா, புத்தியோடு செய்கிறேனா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அன்றும் மறுநாளும் பீரோ பக்கம் போய்ப் போய் வந்தேன். கூரியர் கடை இருக்கும் வழியாகப் பால் வாங்கப் போகாமல் சுற்றுவழியில் போனேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்து வீட்டு ஜன்னல் மூடியிருந்தது. அந்தச் சண்டைச் சத்தம் எனக்குத் தேவைப்பட்டது.

மாப்பிள்ளை ஊர் திரும்பி வாசலில் கேமரா மாட்டினார், கதவுக்கு இரும்புச் சட்டம் போட்டார் என்று மூன்றாம் வீட்டுக்காரர் சொல்லித் தெரிந்துகொண்டேன். அக்கா அவருக்குப் போன் செய்கிறாள். எனக்கு இல்லை. அதுவும் எரிந்தது.

மழைக்காலம் வந்து கேம்ப் ரோடில் தண்ணீர் நின்ற ஒரு நாள் காலை, போனில் அவள் பெயர் வந்தது. எடுத்தேன்.

"பெரிய குழந்தை ஒண்ணு பண்ணிச்சு" என்றாள் அக்கா. "மத்தியானம் சத்தமே இல்ல. எங்கன்னு தேடிப் போனா, கட்டிலுக்கு அடியிலேர்ந்து அந்தப் பெட்டிய வெளிய இழுத்து வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. தம்பிய பக்கத்துல படுக்க வச்சிருக்கா. வீட்டுல இருக்கிற எல்லா சாவியையும் கொண்டுவந்து பரப்பி வச்சு, ஒண்ணொண்ணா அந்தப் பூட்டுல போட்டுப் பாக்கறா. கார் சாவி, தபால் பெட்டி சாவி, என் சூட்கேஸ் சாவி. நான் கொடுத்த செத்த சாவிக் கொத்து கூட. கெட்ட ஆளு வந்தா தம்பிய காப்பாத்தணுமாம்."



"மாப்பிள்ளை என்ன சொன்னாரு?"

"வாசப்படியில நின்னு பாத்தாரு. அப்புறம் அவ பக்கத்துல தரையிலயே உக்காந்துட்டாரு. இங்கயும் ஒரு பலகை அடிச்சு வச்சிருக்கேன்டி. எல்லா சாவியும் அதுலதான் தொங்கும். நாற்காலி போட்டா அவளுக்கு எட்டற உயரம். நீ அனுப்பியிருந்தா அதுவும் அங்கதான் தொங்கியிருக்கும்."

வெளியே தண்ணீரில் ஒரு ஆட்டோ நின்றுபோய், ஓட்டுநர் தள்ளிக்கொண்டு போனார். மூன்றாம் வீட்டுக்காரர் குடையோடு வந்து அக்கா வீட்டைத் திறந்து, ஒழுகுகிறதா என்று பார்க்கப் போனார். அந்தச் சாவி அவர் கையில் ஆடுவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இப்போதும் எனக்கு அது பிடிக்கவில்லை.

"பத்திரமா இருக்கா?" என்று கேட்டாள் அக்கா.

"என்கிட்ட கொடுத்தது எங்க போகும்" என்றேன்.